மொனிட்டர் கறுத்தால் காப்பை அடகு வைக்க வேண்டாம்

ஊரவர்களே, உறவுகளே, என்னிடம் படித்த, படிக்கிற பிள்ளைகளே!

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலான நேரத்தில் வாசியுங்கள். பிள்ளைகளின் படிப்புக்காகவோ வீட்டுத் தொழிலுக்காகவோ கம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

இந்த இரண்டு மாதத்துக்குள் ஐந்து வீட்டார் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். "சேர், மொனிட்டர் கறுத்துப் போயிட்டு. வீஜீஏ கார்ட் செத்துட்டாம், புதுசு போடணுமாம். என்ன செய்யிற?" ஐந்து வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு மட்டும்தான் உண்மையிலேயே பொருள் வாங்க வேண்டியிருந்தது. மற்ற நாலும் ஒரு சதச் செலவில்லாமல் சரிவந்தன.

அந்த நாலில் ஒரு வீட்டில், மகளின் காப்பு அடகுக்குப் போக கைலேஞ்சியில் முடிந்து மேசையில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தச் சகோதரியின் கணவர் மௌத்தாகி மூன்று வருடம். வீட்டிலிருந்தபடியே பாடசாலைகளுக்கும் டியூஷன் வகுப்புகளுக்கும் வினாத்தாள் டைப் பண்ணிக் கொடுக்கிறா. பாமினியில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பா. தவணைப் பரீட்சை காலம்தான் அவவுக்கு அறுவடைக் காலம். அந்த நேரம் பார்த்து ஒரு நாள் காலையில் மெசினைப் போட்டால், கம்பனியின் பெயர் வருகிறது, விண்டோஸ் வட்டம் சுற்றுகிறது, பிறகு முழுக் கறுப்பு. கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் கார்ட்டும் போயிட்டு, மொனிட்டரும் பழசு, இரண்டையும் மாற்றினால்தான் நல்லது என்றிருக்கிறார்கள். கேட்ட காசு முப்பத்தையாயிரத்துக்கு மேல்.

இங்கே ஒரு விசயத்தை எல்லோரும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். மெசினைப் போட்டவுடன் கம்பனியின் பெயரோ எழுத்தோ திரையில் தெளிவாகத் தெரிகிறதென்றால், மொனிட்டர் வேலை செய்கிறது, கேபிள் வேலை செய்கிறது, கார்ட்டும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. விண்டோஸ் ஏறும்போது கறுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிரைவரை. டிரைவர் பொருள் அல்ல, அது ஒரு மென்பொருள். அதற்குக் காசில்லை.

டிரைவர் என்றால் என்ன என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் நான் ஆற்றங்கரையைக் காட்டித்தான் சொல்வேன். தோணி வலிக்கத் தெரிந்த யாரை ஏற்றினாலும் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போய்ச் சேரலாம். ஆனால் எந்த இடத்தில் ஆழம், எந்த இடத்தில் கண்டல் வேர், வலையை எங்கே விரிப்பது என்பதெல்லாம் அந்தத் தோணியோடு பழகியவனுக்குத்தான் தெரியும். கிராபிக்ஸ் கார்ட் தோணி என்றால், டிரைவர் அதை வலிப்பவன். சரியான ஆள் இல்லாத நேரம் விண்டோஸ் தன்னிடம் இருக்கிற ஒரு பொது ஆளை ஏற்றிவிடும். டிவைஸ் மனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்று ஏதாவது பெயர் இருந்தால் சரி. 'மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால், உங்கள் தோணியில் இருப்பது அந்தப் பொது ஆள். கரை சேர்ப்பான், மீன் பிடிக்க மாட்டான்.

சகோதரியின் மெசினில் நடந்தது இதுதான். எட்டு மாதத்துக்கு முன் யாரோ போர்மட் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். டிரைவர் போடவில்லை. திரை 1024×768 என்ற அளவில் இழுபட்டு நின்றிருக்கிறது. எழுத்தெல்லாம் பஞ்சுமாதிரி. அவ தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துத் தலையிடிக் குளிசை போட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறா. பிறகு ஒரு இரவு விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரை இறக்கியிருக்கிறது. அது அந்தக் கார்ட்டுக்கு ஒத்துவரவில்லை. திரை கறுத்தது.

செய்த வைத்தியத்தைச் சொல்கிறேன், விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் விண்டோஸ் கீ, கொன்ட்ரோல், ஷிஃப்ட், பீ நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். சில நேரம் இதுவே போதும். அவவுடைய மெசினுக்குப் போதவில்லை.

அடுத்து, விண்டோஸ் ஏறும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட வேண்டும். இப்படி இரண்டு மூன்று தரம் செய்தால் விண்டோஸ் தானாக ரிக்கவரித் திரைக்கு வரும். அதில் ட்ரபள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். 4 அழுத்தினால் சேஃப் மோட். 3 அழுத்தினால் குறைந்த அளவுத் திரை. சேஃப் மோடில் போய் டிவைஸ் மனேஜரில் அந்தக் கார்ட்டின் புரொப்பர்ட்டீஸைத் திறந்தால், டிரைவர் என்ற பக்கத்தில் 'ரோல் பேக்' என்றொரு பொத்தான் இருக்கும். பழைய டிரைவருக்குத் திரும்பிப் போகலாம். அது மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் 'அன்இன்ஸ்டோல்' செய்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

பிறகு சரியான டிரைவரைக் கார்ட் செய்த கம்பனியின் தளத்திலிருந்தோ, கம்பியூட்டர் செய்த கம்பனியின் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். 'உங்கள் டிரைவர்களை எல்லாம் இலவசமாகப் புதுப்பித்துத் தருகிறோம்' என்று கூகுளில் முதலில் வந்து நிற்கிற மென்பொருள்களை நம்ப வேண்டாம். பாதி விளம்பரம், மீதி தொல்லை. டிரைவர் பல நூறு எம்பி இருக்கும். ஒரு தரம் இறக்கினால் பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தரம் போர்மட் பண்ணும்போது டேட்டா மிச்சம்.

பழைய கார்ட்டுக்கு ஆகப் புதிய டிரைவர்தான் நல்லது என்றும் இல்லை. நம் பக்கத்தில் நிறைய மெசின்களில் இருக்கிற ஜிடி 710 கார்ட்டுக்கு என்விடியா 470 என்ற வரிசையோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வந்த டிரைவர்களில் அந்தக் கார்ட்டுக்கு இடமில்லை. கார்ட்டின் பெயரைக் கொடுத்துத் தேடி, அதற்கென்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

அவவுடைய மொனிட்டர் 20 அங்குலம். அதன் உண்மையான அளவு 1600×900. டிரைவர் ஏறியதும் டிஸ்பிளே செட்டிங்ஸில் அந்த அளவைப் போட்டேன். திறந்து கிடந்த வினாத்தாளைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சேர், எழுத்து இவ்வளவு வடிவாவா இருக்கும்?" என்று கேட்டா. தமிழ் டைப் பண்ணுபவர்களுக்கு இது விளங்கும். ஆங்கில எழுத்து மங்கினாலும் ஊகித்துவிடலாம். நம் எழுத்தில் புள்ளி மங்கினால் சொல்லே மாறிவிடும். 'ன'வும் 'ண'வும் ஒன்றுபோலத் தெரிந்தால் வினாத்தாளில் 'மனம்' 'மணம்' ஆகிவிடும். எட்டு மாதமாக ஒவ்வொரு தாளையும் பிரிண்ட் எடுத்து, பிழை பார்த்து, மறுபடி பிரிண்ட் எடுத்திருக்கிறா. தாளும் மையும் அவவுடைய காசு. கண்ணும் அவவுடையது.

எல்.சீ.டி. மொனிட்டர் ஒவ்வொன்றுக்கும் சொந்த அளவு ஒன்று உண்டு. அதில் இருக்கும் புள்ளிகளை எண்ணி வைத்த கணக்கு அது. பாடசாலைகளில் இருக்கும் சதுர வடிவ 17, 19 அங்குல மொனிட்டர்களுக்குப் பெரும்பாலும் 1280×1024. பதினெட்டரை அங்குலத்துக்கு 1366×768. இருபத்தொன்றரை, 24 அங்குலத்துக்கு 1920×1080. செட்டிங்ஸில் 'ரெக்கமண்டட்' என்று போட்டிருப்பது அநேகமாக இதுதான். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று இந்த அளவைக் குறைக்காதீர்கள். வயதான வாப்பாமார் இருக்கிற வீடுகளில் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்க 'ஸ்கேல்' என்ற இடத்தில் 125 அல்லது 150 வீதம் போடுங்கள். எழுத்தும் பெரிதாகும், தெளிவும் போகாது. 'கிளியர்டைப்' என்று தேடி, அது கேட்கிறபடி எது தெளிவென்று தெரிவு செய்தால் தமிழ் எழுத்து இன்னும் நன்றாக வரும்.

வெளிச்சத்துக்கு ஒரு எளிய கணக்கு. ஒரு வெள்ளைத் தாளை மொனிட்டருக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளை, தாளைவிடக் கண்ணைக் குத்துகிறதென்றால் பிரைட்னஸைக் குறையுங்கள். தாளைவிட மங்கலாக இருந்தால் கூட்டுங்கள். பகலுக்கும் இரவுக்கும் ஒரே அளவு சரிவராது. டீவியை மொனிட்டராகப் பாவிப்பவர்களுக்கு ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், அது கம்பியூட்டரின் பிழை இல்லை. டீவியின் மெனுவில் படத்தின் அளவு என்ற இடத்தில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்பதுபோல ஒன்று இருக்கும். அதைப் போடுங்கள்.

இரண்டாவது வீடு. பெருநாளைக்கு வீட்டைத் துப்புரவாக்கும்போது எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 'நோ சிக்னல்'. பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தால், மொனிட்டர் கேபிள் யூஎஸ்பி இருக்கிற மேல்பகுதியில் இருந்தது. கார்ட் போட்ட மெசின்களில் மொனிட்டர் கொழுவும் இடம் இரண்டு இருக்கும். மேலே மதர்போர்டுடையது, கீழே படுக்கை வசத்தில் கார்ட்டுடையது. கார்ட் இருந்தால் கீழேதான் கொழுவ வேண்டும். பல மெசின்களில் கார்ட் போட்டவுடன் மேலே உள்ளது அணைந்துவிடும். கேபிளைக் கீழே மாற்றினேன், படம் வந்துவிட்டது. தேத்தண்ணி வரவில்லை, அதற்குள் வேலை முடிந்தது.

மூன்றாவது வீட்டில் கறுப்பில்லை, மஞ்சள். திரை முழுவதும் மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி. அதையும் 'கார்ட் போயிட்டு' என்றிருக்கிறார்கள். நீல நிறத் தலை உள்ள அந்தப் பழைய கேபிளுக்குத்தான் வீஜீஏ என்று பெயர். 1987இல் ஐபிஎம் கம்பனி தன் பிஎஸ்/2 கம்பியூட்டர்களோடு கொண்டுவந்த முறை அது. அந்தப் பெயரை நாம் கார்ட்டுக்கே வைத்து 'வீஜீஏ கார்ட்' என்று இன்றும் கூப்பிடுகிறோம். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசியில் வருகின்றன. நீல ஊசி தொடாவிட்டால் வெள்ளை மஞ்சளாகும். பச்சை தொடாவிட்டால் கருஞ்சிவப்பு ஊதா. சிவப்பு தொடாவிட்டால் பச்சையும் நீலமும் கலந்த நிறம். கேபிளைக் கழற்றி ஊசிகளைப் பார்த்தேன். ஒன்று வளைந்திருந்தது. மெல்ல நிமிர்த்திக் கொழுவி, இருபக்கத் திருகாணியையும் இறுக்கினேன். நடு வரிசையில் ஒரு ஊசி இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். பல கேபிள்கள் அப்படித்தான் செய்யப்படுகின்றன.

நல்ல கேபிள் படத்தை மட்டும் கொண்டுபோவதில்லை. மொனிட்டர் தன் பெயரையும் தனக்குச் சரியான அளவையும் அதே கேபிள் வழியாகக் கம்பியூட்டருக்குச் சொல்கிறது. 1994இலிருந்து அதற்கென்று ஒரு பொது முறை இருக்கிறது. மலிவான கேபிளிலும் கன்வேட்டரிலும் அந்தச் செய்தி போய்ச் சேராமல் போவதுண்டு. டிரைவர் சரியாக இருந்தும் உங்கள் மொனிட்டருக்கு உரிய அளவு பட்டியலில் வரவில்லையென்றால், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

நாலாவது வீடு கடலுக்குப் பக்கம். மெசினைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, பீப், பீப் என்று சத்தம், திரையில் ஒன்றுமில்லை. இது நம் மண்ணுக்கே உரிய நோய். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாம். உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை, மெல்லிய செப்புத் தகடு தாங்குமா? மாரி காலத்தில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ரெம் தகட்டின் ஓரத்தில் மெல்லிய கறை பிடித்து, தொடுகை விட்டுப்போகும். பவர் வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு, ரெம்மைக் கழற்றி, பொன்னிற ஓரத்தைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூசைத் தட்டி, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்திப் போட்டேன். மெசின் ஏறியது. கிராபிக்ஸ் கார்ட்டுக்கும் இதே வைத்தியம்தான்.

பாவிக்காத மெசின் என்று மாதக்கணக்கில் மூடிவைக்காதீர்கள். கிழமைக்கு ஒரு தரமாவது ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் காயும். ஓடும்போது மட்டும் துணி போட்டு மூட வேண்டாம்.

ஐந்தாவது வீடு உயர்தரம் படிக்கிற ஒரு தம்பியுடையது. அவருடைய மொனிட்டரில் விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். நல்ல மொனிட்டரென்றால் கேபிளைக் கழற்றியவுடன் 'நோ சிக்னல்' என்றோ 'செக் கேபிள்' என்றோ எழுத்து வரும். வரவில்லை. அறையை இருட்டாக்கி, போன் டோர்ச்சைத் திரையில் சாய்வாக அடித்தேன். மிக மங்கலாக அந்த எழுத்து தெரிந்தது. அப்படியென்றால் படம் வருகிறது, பின்விளக்கு எரியவில்லை. அது டிரைவராலோ செட்டிங்ஸாலோ தீராது. மொனிட்டரின் உள்ளே தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும், தயவுசெய்து வீட்டில் திறக்காதீர்கள். திருத்துகிற கூலிக்கும் பழைய மொனிட்டர் ஒன்றின் விலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. ஒரு பாவித்த மொனிட்டரை வாங்கினோம். கார்ட் மாற்றத் தேவைப்படவில்லை.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று சொல்லி எல்லோரும் சிரித்தோம். ஆனால் கரண்ட் திரும்பி வரும் அந்த நிமிடத்தில்தான் மொனிட்டருக்கும் பவர் சப்ளைக்கும் ஆபத்து அதிகம். கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றுங்கள். வந்து ஐந்து பத்து நிமிடம் கழித்துக் கொழுவுங்கள். இடி மின்னல் நேரம் இன்டர்நெட் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விசயம்.

இதை வாசித்துவிட்டுக் கம்பியூட்டர் கடைத் தம்பிமார் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். அது அநியாயம். அவர்களில் பலர் நம் பாடசாலைகளில் படித்த பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? ஒரு தம்பி இரண்டு மணித்தியாலம் இருந்து, டிரைவர் பிழையைக் கண்டுபிடித்து, சரிசெய்து, ஆயிரத்தைந்நூறு கேட்டால், "ஒரு சாமானும் மாத்தல்லயே, ஏன் இவ்வளவு?" என்கிறோம். அதே தம்பி ஐந்து நிமிடத்தில் கார்ட்டை மாற்றி இருபதாயிரம் கேட்டால் பேரம்கூடப் பேசாமல் கொடுக்கிறோம். பொருளுக்கு விலை இருக்கிறது, அறிவுக்கு விலை இல்லை என்று நாமே அவர்களுக்குப் பழக்கிவிட்டோம். கடை வாடகை கட்ட வேண்டிய ஒருவர் பிறகு எதைச் சொல்வார்? 'கார்ட் போயிட்டு' என்றுதான் சொல்வார்.

2022இல் இது இன்னும் கெட்டுப்போனது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதமளவில் 360 வரை போனது. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வெளியிலிருந்து வருகிற பொருளெல்லாம் கைக்கெட்டாத விலை. அந்த நேரம் ஒரு கார்ட்டை மாற்றச் சொல்வது ஒரு குடும்பத்தின் இரண்டு மாதச் சாப்பாட்டைக் கேட்பதற்குச் சமம். ரூபா அந்த உயரத்திலிருந்து கொஞ்சம் இறங்கியும், நம் பழக்கம் இறங்கவில்லை.

ஆகவே இரண்டு பக்கத்துக்கும் சொல்கிறேன்.

மெசினைக் கொண்டுபோகிறவர்கள், "எவ்வளவு முடியும்?" என்று முதலில் கேட்காதீர்கள். "தம்பி, முதல்ல என்ன வருத்தம் என்று பாருங்க. பார்த்ததுக்குக் கூலி தாறன். சாமான் மாத்தணுமென்டா மாத்த முதல் காட்டுங்க" என்று சொல்லுங்கள். கார்ட் போயிட்டு என்றால், வேறு ஒரு கார்ட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மொனிட்டர் போயிட்டு என்றால், வேறு மெசினில் கொழுவிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுடையது.

கடை வைத்திருக்கும் தம்பிமாரே, 'பரிசோதனைக் கூலி' என்று ஒரு தொகையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. டொக்டர் மருந்து எழுதாவிட்டாலும் நாம் பார்த்த காசு கொடுக்கிறோம். "உங்கட கார்ட் நல்லா இருக்கு, டிரைவர்தான் பிழை" என்று சொல்லி ஆயிரத்தைந்நூறு வாங்குகிற கடைக்குத்தான் ஆட்கள் அடுத்த தரம் கார்ட் வாங்கவும் வருவார்கள்.

2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசொப்ட் பொதுவாக நிறுத்திவிட்டது. நம் வீடுகளிலுள்ள பழைய மெசின்கள் பல விண்டோஸ் 11க்கு முறைப்படி தகுதியில்லை. இதைச் சொல்லியும் 'மெசினையே மாத்துங்க' என்பார்கள். அவசரப்பட வேண்டாம். மெசின் நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்பு விசயத்தில் கவனம் வேண்டும். லினக்ஸ் போட்டும் பாவிக்கலாம். அதைப் பற்றி வேறொரு பதிவில், இன்ஷா அல்லாஹ்.

அந்தச் சகோதரியின் தாள்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஆயிரம் ரூபாவை ஒரு கவரில் போட்டு, "பார்த்த கூலி சேர்" என்று மேசையில் வைத்தா. எங்கள் பாடசாலை லேபுக்கு அதில் இரண்டு வீஜீஏ கேபிள் வாங்கினோம்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் வீட்டில் இருப்பேன். மெசினைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். முதலில் இந்த நாலு விசயத்தை எழுதி அனுப்புங்கள்: மொனிட்டர் விளக்கு என்ன நிறம், கம்பனிப் பெயர் தெரிகிறதா, பீப் சத்தம் எத்தனை, கேபிளைக் கழற்றினால் திரையில் எழுத்து வருகிறதா. பாதிப் பேருடைய பிரச்சினை எழுதி முடிக்க முன்னமே தீர்ந்துவிடும்.

வயசாளிகளுக்கும் வட்ஸ்அப்பில் மட்டும் இருக்கிற உம்மாமாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.